பார்ட்லி கோயினுக்கு எத்தனை வயது?

கவென்ட்ரி,
4 மே 2024

அன்புள்ள கோல்மன் அண்ணனுக்கு,

ஃபோன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தபால்காரி ஜோசி உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படிக்கிறாயா என்று வாசலிலேயே நிற்பாள், அவளை எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷக் கோபம் போதாதா? கல்லறை ஞாயிறன்று, கல்லறைகளை ஆசீர்வதிக்க ஊர் முழுக்கக் கூடி நின்ற இடத்தில், ஃபெஸ்டி மேனியன் காதில் விழும்படி, "தொண்ணூத்தொம்பதா? யாரு எண்ணிப் பார்த்தது?" என்று கேட்டது நான்தான். ஃபெஸ்டி முன்னால் கேட்டது தப்பு. கேட்டதே தப்பு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

உன் அட்டை வந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் தங்கைக்கு ஒரே வரி: "கொள்ளுத்தாத்தாவுக்குக் கல் வைக்கிறேன், பாதிச் செலவு உன்னுடையது." சந்தோஷமாகத் தருகிறேன். ஆனால் கல்லில் என்ன எழுதப்போகிறாய் என்று பார்த்தேன். 'பார்ட்லி கோயின், 1837 – 1936, வயது 99, இந்தப் பங்கிலேயே மூத்தவர்.' அதற்குக் கீழே, 'கொள்ளுப்பேரப் பிள்ளைகள் கோல்மன், நோரீன் வைத்தது.' என் பெயர் போகிற கல்லில் என்ன வெட்டுகிறார்கள் என்று நான் விசாரிக்கக் கூடாதா?

இங்கே நூலகத்தில் பாலின் என்றொருத்தி இருக்கிறாள், என்னோடு பாட்டுக் குழுவில் பாடுகிறவள். குடும்ப வரலாறு தேடும் இணையதளம் ஒன்றைக் காட்டிக் கொடுத்தாள். மக்கள் தொகைக் கணக்கைக் காசில்லாமலே பார்க்கலாம். பார்த்தேன். 1901-ல் பார்ட்லி கோயினுக்கு வயது 50. 1911-ல் 74. பத்து வருஷத்தில் மனிதர் இருபத்துநாலு வயது வளர்ந்திருக்கிறார் அண்ணா. உனக்கு இது விசித்திரமாகப் படவில்லையா?

கில்பிராக் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் அங்கே இருக்கிறது. அவர் பெயர் தெளிவாகத் தெரிகிறது. வருஷத்தை மட்டும் பனி மூடின மாதிரி மறைத்து வைத்திருக்கிறார்கள், சந்தா கட்டினால்தான் விலகும். முதல் இரண்டு வாரம் இலவசம். அதற்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒரு வருஷச் சந்தாவையும் எடுத்துக்கொள்வார்கள்.

சேரட்டுமா, வேண்டாமா? அவர் உனக்கும் கொள்ளுத்தாத்தா. அதனால் உன்னைக் கேட்காமல் அந்தப் பனியை விலக்கப்போவதில்லை.

உன் தங்கை,
நோரீன்

பி.கு: அந்தத் தளத்துக்குள் நுழைந்ததுமே முதலில் என் பிறந்த வருஷத்தைக் கேட்கிறது. பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? இருந்தாலும் உண்மையைத்தான் போட்டேன்.


கில்பிராக்,
13 மே 2024

நோரீனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டேன். மை வீணானதுதான் மிச்சம்.

சேராதே. அவ்வளவுதான் பதில். ஆனால் ஜோசி வாசலில் நிற்கிறாள், ஒரு வரிக் கடிதத்தைக் கொடுத்தால் அவளுக்கு மனசு ஆறாது, அதனால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

1901-ல் கணக்கெடுக்க வந்தவன் ஒரு போலீஸ்காரன். அவனுக்கு ஐரிஷ் தெரியாது, பார்ட்லிக்கு ஆங்கிலம் தெரியாது. இவர் எதையோ சொல்ல, அவன் எதையோ எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு நீ தொங்குகிறாய்.

பெருங்காற்று அடித்த இரவு எந்த வருஷம்? 1839, ஜனவரி ஆறு. அன்றைக்கு பார்ட்லி எங்கே இருந்தார்? மேசைக்கு அடியில், இரண்டு வயசுக் குழந்தையாக, கையில் ஒரு உருளைக்கிழங்கோடு. கூரை முழுசாகப் பிய்த்துக்கொண்டு போனது, கோழிகள் பறந்து போயின, அவர் மட்டும் கிழங்கை விடவில்லை. இதை யார் சொன்னது? அப்பா. அவருக்கு யார் சொன்னது? பார்ட்லியே, அப்பாவை மடியில் உட்கார வைத்து. ஒவ்வொரு ஜனவரி ஆறும் அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது நீ அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாய். கிழங்கைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்குவார். மறந்துவிட்டதா, இல்லை கடல் தாண்டிப் போன கவென்ட்ரியில் அதெல்லாம் கழுவிப் போய்விட்டதா?

அது பொய்யென்று ஏதோ ஒரு திரையில் வந்துவிட்டால், அப்பா ஐம்பது வருஷம் நமக்குப் பொய் சொன்னார் என்று ஆகும். எனக்கு அது வேண்டாம் நோரீன். கல் வேண்டுமானால் இல்லாமல் போகட்டும், அது மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. ஃபெஸ்டியின் கொள்ளுப்பாட்டி டீலியா மேனியன் கல்லில் 96 என்று வெட்டி முப்பது வருஷமாகிறது. அந்த 96-ஐ வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக என் உயிரை வாங்குகிறான். நம்முடைய 99 கல்லில் ஏறட்டும், அப்புறம் பார்க்கிறேன் அவன் வாயை.

கல் வெட்டுகிற டூகனுக்கு ஜூன் 28-க்குள் வாசகம் வேண்டும். ஜூலை 28 கல்லறை ஞாயிறு.

கோல்மன்


கவென்ட்ரி,
20 மே 2024

கோல்மன் அண்ணனுக்கு,

சரி, சேரவில்லை. உன்னைக் கேட்டேன், நீ சொன்னாய், முடிந்தது.

ஆனால் என் பெயரைக் கல்லிலிருந்து எடுத்துவிடு. பாதிச் செலவு வந்து சேரும், அதில் மாற்றமில்லை. எனக்கே நிச்சயமில்லாத ஒன்றின் கீழே என் பெயர் நூறு வருஷம் நிற்க வேண்டாம். ஜூலையில் நான் வரவும் இல்லை. பெயரில்லாத கல்லுக்கு முன்னால் நின்று நான் என்ன செய்ய?

அப்பாவின் விரல் எனக்கு மறக்கவில்லை. அப்படி நீ எழுதியிருக்கக் கூடாது.

நோரீன்


கில்பிராக்,
1 ஜூன் 2024

நோரீனுக்கு,

சேர். இன்றைக்கே சேர். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் நூலகத்துக்கு ஓடு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. உன் கடைசிக் கடிதத்தைப் பப்புக்கு எடுத்துப் போயிருந்தேன், ஏதோ மனசு சரியில்லை, மறுபடி படிக்கலாம் என்று. கண்ணாடியை மறந்துவிட்டேன். சரி என்று கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஆட்டு விலை பேசப் போனேன். திரும்பி வருவதற்குள் ஃபெஸ்டி அதன்மேல் தன் கோப்பையை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா கோல்மன், உன் தங்கச்சி பேரு வேண்டாங்கறாளாமே? பார்த்துட்டா தெரிஞ்சிடும்னு பயமா?" என்றான். பப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "எங்க பார்ட்லிக்கு எவன் பயப்படணும்? அவ பார்க்கட்டும், பார்த்ததை நான் இங்கேயே வந்து வாசிக்கிறேன்," என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

சேர்ந்து, 1837 என்று பார்த்து, எழுதி அனுப்பு. அப்புறம் உன் பெயரும் கல்லில் இருக்கும், ஃபெஸ்டியும் வாயை மூடிக்கொள்வான்.

அப்பாவின் விரலைப் பற்றி எழுதினது தப்புதான்.

கோல்மன்


கவென்ட்ரி,
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

நேற்று சேர்ந்தேன், பார்த்தாயிற்று.

இதோடு இன்னொரு சின்ன உறை வைத்திருக்கிறேன், நன்றாக ஒட்டி. பதிவேட்டில் இருந்ததை அதில் எழுதியிருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று இங்கே சொல்லமாட்டேன், நீயும் என் கையெழுத்தின் அழுத்தத்தை வைத்து ஊகிக்காதே. உனக்குத் தெரிய வேண்டுமென்றால் பிரி. வேண்டாமென்றால் அடுப்பில் போடு, நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன். முதலில் நீ சொன்ன 'வேண்டாம்' ஃபெஸ்டிக்காகச் சொன்னதில்லை, அப்பாவுக்காகச் சொன்னது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

இலவச நாள் ஜூன் 23 வரைதான். வேறு எதையும் தேட வேண்டுமென்றால் அதற்குள் எழுது. இல்லாவிட்டால் நிறுத்திவிடுகிறேன்.

எனக்கு இங்கே பெரிய தலைக்குனிவு. அந்தத் தளத்தில் நான் வரைந்த குடும்ப மரத்தைப் பாலினும் திறந்து பார்க்கலாமாம், எனக்கு எப்படித் தெரியும்? உச்சியில் நீ, பக்கத்தில் நான், 'பிறப்பு 1961.' போன மார்ச்சில்தான் பாட்டுக் குழுவே சேர்ந்து எனக்கு அறுபதாம் பிறந்தநாள் கேக் வெட்டியது. நான் சொன்னதை நம்பித்தான் வெட்டினார்கள். பாலின் கணக்குப் போடுகிற மாதிரி கூரையைப் பார்த்தாள்.

நோரீன்


கில்பிராக்,
25 ஜூன் 2024

ஓரளவு அன்புள்ள நோரீனுக்கு,

உன் சின்ன உறை பன்னிரண்டு நாள் அலமாரியில், நீலத் தட்டுக்குப் பின்னால் இருந்தது. காலையில் தேநீர் போடும்போது அதைப் பார்ப்பேன். நாய்க்குச் சோறு வைக்கும்போது பார்ப்பேன். ஒருநாள் அடுப்புவரை கொண்டுபோனேன், அடுப்பு அணைந்திருந்தது, அதுவே சகுனம் என்று திரும்ப வைத்துவிட்டேன். பப் பக்கமே போகவில்லை. ஃபெஸ்டி ஜோசியிடம் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தானாம்.

நேற்று டூகன் வந்தான். "எழுத்தைச் சொல்லுங்க, இல்லாட்டி அடுத்த வருஷம்தான்," என்றான். அவன் போனதும் கிழங்கு சீவுகிற கத்தியால் பிரித்தேன்.

மார்ச் 1850.

அப்படியானால் செத்தபோது 86. பெருங்காற்று அடித்தபோது அவர் பிறக்கவே இல்லை. பதினோரு வருஷம் கழித்துத்தான் பிறந்திருக்கிறார். மேசையும் இல்லை, கிழங்கும் இல்லை.

ஆட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் வைத்துக்கொள்ளேன். 99 போனதற்காக இல்லை. அப்பா விரலை மடக்கிக் காட்டினாரே, அந்தக் கைக்குள் ஒன்றுமே இல்லையா? ஃபெஸ்டியிடம் நான் எதை வாசிப்பேன்? டூகனிடம் என்ன சொல்வேன்? ஜூலை 5 வரை தவணை கேட்டிருக்கிறேன்.

நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

கோல்மன்


கவென்ட்ரி,
29 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

முதலில் திட்டிவிடுகிறேன். ஜூன் 23-க்குள் எழுதச் சொன்னேன். ஒட்டின உறையைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க, உன் பதில் வருமென்று நான் காத்திருக்க, நிறுத்த வேண்டிய நாள் ஓடியே போய்விட்டது. இப்போது முழு வருஷத்துக்கு நான் சந்தாதாரர். இதைத்தான் சேரட்டுமா வேண்டாமா என்று நாம் இரண்டு மாதம் சண்டை போட்டோம்!

சரி, கட்டினது கட்டியாயிற்று என்று ஒரு வாரமாக அங்கேயே குடியிருக்கிறேன். இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி.

1909-ல் எழுபது வயது ஆனவர்களுக்கு அரசாங்கம் வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது. யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எழுபது ஆகிவிட்டது என்று எப்படி நம்புவது? வந்தவர்கள் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்: பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஊர் முழுக்க ஒரே பதில்: 'அன்னிக்கு ராத்திரி நானே கையில கிழங்கு வெச்சுத் தின்னுக்கிட்டிருந்தேன்.' அதாவது, தானாகச் சாப்பிடுகிற வயசு. நம் பார்ட்லி மட்டும் இல்லை அண்ணா, பாதித் தேசமே அன்றைக்குக் கிழங்கு தின்றிருக்கிறது.

கில்பிராக் பங்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இருபத்துமூன்று பேர். 1901-ல் ஐம்பதை ஒட்டி இருந்தவர்கள், 1911-ல் எல்லோரும் எழுபதைத் தாண்டியாயிற்று. நான் சிரித்த சிரிப்பில் பாலின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் அவர் நமக்குச் சொன்னார். பார்ட்லி சொன்னது பொய்தான், ஆனால் எதற்கு என்று பார். 1911 கணக்கில் கடைசிப் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டிலேயே இருக்கிறார்கள். மூத்தவர்களில் நம் தாத்தாவைத் தவிர எல்லோரும் கப்பலேறியாயிற்று. அந்த வார ஐந்து ஷில்லிங்தான் இந்த மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இல்லாத கிழங்கைக் காட்டி மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார். எனக்கு அவரை இப்போதுதான் ரொம்பப் பிடிக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்த இருபத்துமூன்றில் டீலியா மேனியனும் உண்டு. ஞானஸ்நானம் 1851, இறந்தது 1934. அவளுக்கு 96 இல்லை, 83. பார்ட்லியின் 86-தான் பெரியது. இன்றைக்கும் நீதான் ஜெயித்தவன்! வேண்டுமானால் பப்பில் போய் வாசி. அதற்கு முன் இதையும் தெரிந்துகொள்: பார்ட்லியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றது யார் என்று எழுதியிருக்கிறது. மேரி மேனியன், டீலியாவின் அம்மா.

நோரீன்


கில்பிராக்,
4 ஜூலை 2024

அன்புள்ள நோரீன்,

(அடிக்கவில்லை பார்.)

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபெஸ்டியைத் தேடிப் போனேன். நல்லதுக்குப் போனேன் என்று சொல்லமாட்டேன். முப்பது வருஷத்துக்குப் பதில் என் பையில் இருந்தது, நடையே வேறு மாதிரி இருந்தது. அவன் பப்பில் இல்லை. சதுப்பில், அடுப்பெரிக்க வெட்டின எரிமண் கட்டிகளைக் காய்வதற்கு நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான், தனியாக. போன குளிர்காலத்திலிருந்து அவன் இடுப்பு சரியில்லை, உனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும், "உனக்கு உடம்பு சரியில்லேன்னாங்க, சும்மா நிக்கவா வந்தே?" என்றான். குனிந்தேன். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் கட்டிகளை நிமிர்த்தினோம்.

டீ குடிக்கிறபோது டீலியா கதையை எடுத்தான். கூரை போனதாம், கோழி பறந்ததாம், அவள் மட்டும் கையிலிருந்த கிழங்கை விடவில்லையாம். நோரீன், அவனும் விரலை மடக்கினான். அதே மாதிரி. நான் இத்தனை வருஷம் அவனை நம் கதையைத் திருடினவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையில் இருந்ததை எடுக்கவில்லை. டீலியாவுடைய அம்மா நம்மவரைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றக் காட்டியிருக்கிறாள், அவள் மகளைப் போய் நான் பப்பில் வைத்துக் குறைப்பதா?

ஆனால் பொய்யையும் கல்லில் வெட்ட முடியாது, நீ கீழே பெயர் போடமாட்டாய். வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு யோசனை வந்தது, நேராக டூகனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பிறந்த வருஷம் வேண்டாம். இப்படி வெட்டச் சொன்னேன்:

'பார்ட்லி கோயின். இறப்பு 1936. வயது 99, அவர் சொன்ன கணக்குப்படி.'

இதன் கீழே உன் பெயரைப் போடலாமா? டூகன் இன்னும் ஒரு வாரம், 12-ம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை பொறுப்பான். அதற்குள் உன் பதில் கடிதம் வராது. ஃபோன் செய். எடுக்கிறேன்.

பின்கட்டு அறையைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டேன், மழை வந்துவிட்டது, மறுபடி போட வேண்டும். நீ வர வேண்டும். கல்லுக்காக இல்லாவிட்டாலும் வர வேண்டும்.

கோல்மன்


கவென்ட்ரி,
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன்னோடு ஃபோனில் பேசினால் ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறாய்.

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ரொட்டி விமானத்திலேயே தீர்ந்துவிட்டது. மெத்தை ஈரமாகத்தான் இருந்தது, இப்போது சொல்கிறேன்.

கல் அழகாக இருக்கிறது. ஃபாதர் தண்ணீர் தெளிக்கும்போது என் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன், பார்த்திருக்கிறாய், கைக்குட்டையை நீட்டினாயே. ஒரே ஒரு கவலை. ஃபெஸ்டி கல்லை இரண்டு தரம் படித்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, டீக்குக்கூட நிற்காமல் போனான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டதோ? நான் வந்ததால் உங்களுக்குள் ஏதாவது ஆனதோ என்று இருக்கிறது.

பாலின் பாட்டுக் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். யாரும் கோபிக்கவில்லை. கேக் மட்டும் நான் திருப்பிச் செய்து தர வேண்டுமாம், மூன்று மெழுகுவத்தி அதிகமாக.

நோரீன்


கில்பிராக்,
15 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நோரீன்,

கல்லறை ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமையே ஃபெஸ்டி வந்தான், நீ பஸ் ஏறிப் போன பத்தாவது நிமிஷம். உள்ளே வரவில்லை, கதவில் சாய்ந்து நின்றான். நான் கெட்டிலை வைத்தேன், வேறு என்ன செய்வது?

"டீலியாவோட 96 பொய்னு எங்க வீட்டுல தெரியும்டா," என்றான். "எங்கப்பா சாகும்போது எங்கிட்ட சொல்லிட்டாரு. எப்போ நீ கண்டுபிடிப்பியோன்னு முப்பது வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

அதற்குள் கெட்டில் கொதித்தது. "அந்த 'அவர் சொன்ன கணக்குப்படி'ங்கற வரி நல்லா இருக்கு. டீலியா கல்லுலயும் அதுக்கு இடம் இருக்கு. உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா டூகனைக் கூப்பிடறேன்," என்றான். எனக்கென்ன ஆட்சேபணை? இரண்டு தேநீர் குடித்துவிட்டுத்தான் போனான். ஆனால் மூத்தது யார் என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அது நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும்.

உன் சந்தாவுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறதல்லவா? ஜோசிக்கு அவளுடைய அம்மாவழியைத் தேட வேண்டுமாம். ஃபாதருக்கும் ஏதோ சந்தேகம். பப்பில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள், இதோடு அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது, திருப்பிப் பார்.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் கல்லின் அடிப்பக்கம் வெறுமையாக இருந்ததே, நீகூடக் கேட்டாய், டூகன் அளவு தப்பாக எடுத்தானா என்று. தப்பில்லை, நான்தான் விடச் சொன்னேன். இரண்டு பெயருக்கு இடம். ஒன்று எனக்கு. இன்னொன்று உனக்கு, கவென்ட்ரி உன்னை விட்டால்.

வயசைப் பற்றிக் கவலைப்படாதே. நீ என்ன சொல்கிறாயோ அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் அந்த 'சொன்ன கணக்குப்படி'யும் இருக்கும்.

உன் அண்ணன்,
கோல்மன்